கோழிக்கருவின் பார்வை மூளையில் வழிகாட்டும் புரதங்கள் தோன்றும் காலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இப்பதிவின் எல்லை

கண்ணிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளைக்குள் தமக்குரிய இடத்தை எவ்வாறு கண்டடைகின்றன என்ற கேள்விக்கு விடை தேடி, 1980களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வளர்ச்சி உயிரியல் நிறுவனத்தில் ஒரு குழு கோழிக்கருவை வைத்துப் பணியாற்றியது. அந்தத் தேடல் 1995இல் ஒரு புரதத்தின் அடையாளத்தை எட்டியது. அதே தேடலில் அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்த இன்னொரு புரதத்தின் கதை தெளிவடைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. இப்பதிவு அந்த இரு புரதங்களின் வரலாற்றைத் தொடக்கம் முதல் விளைவு வரை வரிசையாகக் கூறுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கப்பட்ட முடிவே இங்கு முக்கியம் என்பதால், இந்தப் புரதங்களைத் தேடிய ஆய்வாளர்களின் பெயர்கள் விடப்பட்டுள்ளன.

இந்த வரலாற்றைப் பலரும் "எந்தப் புரதம், எந்த இடத்தில்" என்ற கோணத்தில்தான் சொல்லி வருகிறார்கள். "எப்போது" என்ற கேள்வியே இதில் பல இடங்களில் தீர்ப்பு வழங்கியது என்பது என் வாசிப்பு. அதனால் காலத்தைப் பற்றிய செய்திகளுக்கு இப்பதிவில் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

பின்னணி

கோழிமுட்டை பொரிய 21 நாள் ஆகும். அந்த 21 நாளில் பார்வைப் பாதை உருவாகும் வேகம் வியப்பூட்டுவது. அடைகாப்பின் மூன்றாம் நாள் அளவில் விழித்திரையின் நடுப்பகுதியில் முதல் நரம்புச் செல்கள் தம் நீண்ட இழைகளான ஆக்ஸான்களை வெளியே அனுப்பத் தொடங்குகின்றன. சுமார் ஆறாம் நாளில் அவற்றில் முன்னோடிகள் நடுமூளையின் மேற்கூரைப் பகுதியான டெக்டத்தின் முன்விளிம்பைத் தொடுகின்றன. பன்னிரண்டாம் நாள் அளவில் ஆக்ஸான்கள் பின்முனை வரை பரவிவிடுகின்றன. பறவைகளில் ஒரு கண்ணின் ஆக்ஸான்கள் ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்புற டெக்டத்துக்கே செல்வதால், எந்தக் கண் எந்த மூளைப்பகுதியோடு இணைகிறது என்பதில் குழப்பம் இல்லை. ஆய்வுக்குக் கோழிக்கருவைத் தேர்ந்தெடுக்க இது ஒரு முக்கியக் காரணம்.

டெக்டத்தில் ஆக்ஸான்கள் வந்து அமர்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. விழித்திரையின் நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஆக்ஸான்கள் (இனி பொட்டுப்புற ஆக்ஸான்கள்) டெக்டத்தின் முன்பகுதியில் அமர்கின்றன. மூக்குப் பக்கத்திலிருந்து வருபவை பின்பகுதிக்குச் செல்கின்றன. விழித்திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை டெக்டத்திலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. இவ்வாறு கண் காணும் காட்சியின் வரைபடம் மூளையின் மேல் விரிகிறது.

இந்த ஒழுங்குக்கு வேதி அடையாளங்களே காரணம் என்று அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி 1963இல் திட்டவட்டமாக எழுதினார். நீர்நில வாழ்வனவற்றின் கண்ணைத் திருப்பி வைத்து 1940களில் அவர் செய்த சோதனைகள் அதற்கு அடித்தளமாயின. ஒவ்வோர் ஆக்ஸானுக்கும் தனித்தனி அடையாளம் தேவையில்லை, விழித்திரையிலும் டெக்டத்திலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செறிவு படிப்படியாக மாறும் (இனி செறிவுச் சரிவு, அல்லது சுருக்கமாகச் சரிவு) சில பொருள்களே போதும் என்பது அவருடைய கருத்து. அப்படியொரு பொருளைக் கையில் எடுத்துக் காட்ட அடுத்த கால் நூற்றாண்டில் யாராலும் முடியவில்லை.

முதல் அவதானிப்பு: 1987

ட்யூபிங்கன் குழு எடுத்த முதல் முக்கிய முடிவு, உயிருள்ள கருவைவிட்டு வெளியே வந்து, டெக்டத்தின் செல் சவ்வுகளை மட்டும் பிரித்தெடுத்து ஆக்ஸான்களின் முன் வைப்பது என்பதாகும். கருவுக்குள் ஆயிரம் காரணிகள் ஒன்றோடொன்று கலந்து செயல்படும்போது எது வழிகாட்டுகிறது என்று சொல்ல இயலாது என்பதே அதன் பின்னிருந்த நியாயம்.

அவர்கள் அமைத்த சோதனையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது. டெக்டத்தை முன், நடு, பின் என வெட்டி, நடுத்துண்டை ஒதுக்கிவிட்டு, முன்துண்டையும் பின்துண்டையும் தனித்தனியே அரைத்துச் சவ்வுத் துணுக்குகளைப் பிரித்தார்கள். நுண்ணிய வாய்க்கால்கள் பொறிக்கப்பட்ட சிலிக்கோன் அச்சின் மேல் ஒரு வடிதாளை வைத்து, கீழிருந்து உறிஞ்சினால், சவ்வுத் துணுக்குகள் வாய்க்கால்களுக்கு நேர் மேலே மட்டும் கோடுகோடாகப் படியும். பிறகு அந்தத் தாளில் எஞ்சிய இடைவெளிகளை மற்றப் பகுதியின் சவ்வால் நிரப்பினார்கள். முடிவில் முன், பின், முன், பின் என்று சுமார் 90 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கோடுகளாலான ஒரு தரை கிடைத்தது. அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக, மூக்குப் பக்கத்திலிருந்து பொட்டுப் பக்கம் வரை ஒரே நாடாவாக வெட்டிய விழித்திரையைக் கிடத்தினார்கள். ஒரே நாடாவில் இரு வகை ஆக்ஸான்களும் இருந்ததால், ஒரே தரையில் இரண்டின் நடத்தையையும் அருகருகே பார்க்க முடிந்தது.

நாடாவின் பொட்டுப்புறப் பாதியிலிருந்து வளர்ந்த ஆக்ஸான்கள் முன் டெக்டத்தின் கோடுகளில் மட்டும் ஒதுங்கி, கட்டுக்கட்டாக நேராகச் சென்றன. மூக்குப்புறப் பாதியிலிருந்து வளர்ந்தவை எந்தக் கோட்டையும் பொருட்படுத்தாமல் பரவலாக வளர்ந்தன.

முன்பகுதியில் ஈர்ப்பு இருப்பதாக இதைப் படிப்பதே அன்றைய எதிர்பார்ப்புக்கு இசைவானது. ஆனால் குழு அந்த முடிவுக்குத் தாவவில்லை. சவ்வுகளைச் சூடாக்கி அவற்றின் புரதங்களைச் செயலிழக்கச் செய்து மீண்டும் பார்த்தது. முன்பகுதிச் சவ்வைச் சூடாக்கியபோது முடிவு மாறவில்லை. பின்பகுதிச் சவ்வைச் சூடாக்கியபோது மட்டும் பொட்டுப்புற ஆக்ஸான்களின் விருப்புவெறுப்பு மறைந்தது. எனவே முன்பகுதி அவற்றை அழைக்கவில்லை, பின்பகுதிதான் விலக்குகிறது என்று முடிவாயிற்று. நரம்பிழைகளுக்கு வழிகாட்டுவதில் விலக்கலுக்கு இத்தனை பங்கு உண்டு என்பது அன்று பெரிய திருப்பம். ஒரே ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையால் ஒரு துறையின் கேள்வியே தலைகீழானதை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

காலத்தை அளவுகோலாக்கிய முடிவு

வெவ்வேறு வயதுடைய டெக்டங்களிலிருந்து சவ்வெடுத்துப் பார்த்ததே அடுத்த முடிவு. முன், பின் சவ்வுகளுக்கு இடையிலான வேறுபாடு, ஆக்ஸான்கள் டெக்டத்துக்குள் நுழைந்து பரவும் காலத்தில் ஓங்கியிருந்தது, இணைப்பு நிலைபெறும் காலத்தில் தணிந்தது. கண்ணிலிருந்து ஆக்ஸான்கள் வராத டெக்டங்களிலும் அந்த வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இந்த அடையாளத்தைக் கண் வந்து எழுதவில்லை, டெக்டம் தானே எழுதிக்கொள்கிறது.

வழிகாட்டி என்று உரிமை கொண்டாடும் எந்தப் புரதமும் இனி காலம் சார்ந்த ஒரு தேர்வில் தேற வேண்டும் என்பதே இந்த முடிவுகளின் உண்மையான எடை. பயணி வருமுன் அது இடத்தில் இருக்க வேண்டும், பயணம் நடக்கும்வரை நீடிக்க வேண்டும், பயணம் முடிந்தபின் அது தணிவதும் எதிர்பார்க்கத்தக்கது. பின்பகுதியில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதம் பதினைந்தாம் நாளில்தான் தோன்றுமானால், அதன் பரவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் வழிகாட்டுதலுக்கு அது காரணமாக இருக்க முடியாது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. டெக்டம் எங்கும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. முன்புறமும் கீழ்ப்புறமும் முந்தி முதிர்கின்றன, பின்புறமும் மேல்நடுப்புறமும் பிந்துகின்றன. ஒரே கருவில், ஒரே நாளில், முன்துண்டையும் பின்துண்டையும் ஒப்பிடுகிறவர் இரண்டு இடங்களை மட்டுமல்லாமல் இரண்டு வயதுகளையும் ஒப்பிடுகிறார். "பின்பகுதிப் புரதம்" என்று தோன்றுவது வெறும் "இளந்திசுப் புரதமாக" இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, பல நாள்களுக்கு இரு பகுதிகளையும் தொடர்ந்து பார்ப்பதுதான். முன்பகுதி இரண்டு நாள் முன்பு காட்டிய அளவையே பின்பகுதி இன்று காட்டுமானால் அது வயதின் வேறுபாடு. எந்த நாளிலும் முன்பகுதி அந்த அளவைத் தொடவில்லையென்றால்தான் அது இடத்தின் வேறுபாடு. ஒரே நாளின் ஒரே படத்தை வைத்துச் செறிவுச் சரிவு என்று அறிவிக்கும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம். அவற்றை ஐயத்தோடு படிப்பதே சரி.

நாள் கணக்கும் நம்பத்தக்கதல்ல. முட்டை இடப்படும்போதே கருவின் வளர்ச்சி தொடங்கியிருக்கும். எவ்வளவு தொடங்கியிருக்கும் என்பது முட்டைக்கு முட்டை மாறும். அடைகாக்குமுன் குளிரில் வைத்த காலமும் அடைகாப்புப் பொறியின் வெப்பநிலையும் இந்த வேறுபாட்டைக் கூட்டும். இதனால்தான் 1951இல் கருவியலாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் உடலமைப்பைக் கொண்டு கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாக வகுத்தார்கள். கால் விரல்களின் வடிவம், அலகின் நீளம், இறகு முளைகளின் வரிசை ஆகியவற்றைப் பார்த்து நிலையைக் குறிப்பவர், "ஏழாம் நாள்" என்று மட்டும் எழுதுகிறவரைவிடத் துல்லியமாகப் பேசுகிறார்.

இரண்டு புரதங்கள்: 1990 முதல் 1995 வரை

விலக்கும் பொருள் எது? 1990இல் இரண்டு தகவல்கள் சேர்ந்தன. முதலாவது, பின்பகுதிச் சவ்வுத் துணுக்குகளைப் பொட்டுப்புற ஆக்ஸான்களின் மேல் தூவினால், முன்னேறிக்கொண்டிருக்கும் அவற்றின் முனையான வளர்நுனி சில நிமிடங்களில் சுருங்கிவிடுகிறது. கைவிரல்களைப் போல் விரிந்திருந்த நுனி மடங்கி, இழை பின்வாங்குவதை நுண்ணோக்கியில் நேரடியாகக் காணலாம். மூக்குப்புற ஆக்ஸான்களின் நுனிகள் அப்படிச் சுருங்கவில்லை. இரண்டாவது, ஜி.பி.ஐ. என்னும் கொழுப்பு நங்கூரத்தை வெட்டும் நொதியை இட்டால் சவ்வின் விலக்கும் ஆற்றல் போய்விடுகிறது. எனவே தேடப்படும் பொருள் அந்த நங்கூரத்தால் சவ்வில் கட்டப்பட்ட ஒரு புரதம்.

இந்த அடையாளங்களுக்குப் பொருந்திய, 33 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள ஒரு புரதத்தைக் குழு அதே ஆண்டில் விவரித்தது. அது பின்பகுதியில் மிகுந்திருந்தது, அதன் காலமும் பொருந்தியது. ஆனால் அதன் அமினோ அமில வரிசை உடனே கிட்டவில்லை. அந்நிலையில் ஒரே புரதத்தின் மேல் எல்லா நம்பிக்கையையும் வைக்காமல், நொதியால் விடுவிக்கப்படும் புரதங்களை இருபரிமாண ஜெல்லில் பிரித்து, முன்பகுதியில் மங்கியும் பின்பகுதியில் அடர்ந்தும் தெரியும் வேறு புள்ளிகளையும் தேடுவது என்று முடிவெடுத்தார்கள். அவ்வாறு கிடைத்த 25 கிலோடால்டன் புரதத்தின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. இந்த முடிவு இல்லாவிட்டால் இந்தக் குழுவின் கதை இன்னும் ஏழாண்டுகள் நின்றிருக்கும்.

1995 ஆகஸ்டில் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ட்யூபிங்கன் குழு செயலில் தொடங்கிப் புரதத்தை அடைந்திருந்தது. அவர்களுடைய 25 கிலோடால்டன் புரதம் எஃப் வகை ஏற்பிகளோடு (செல்லின் மேலிருந்து சமிக்ஞையைப் பெறும் புரதங்களோடு) இணையும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக்ஸான்கள் வந்துசேரும் காலத்தில் அது டெக்டத்தின் பின்பகுதியில் செறிவுச் சரிவாக உற்பத்தியாகிறது. தனியாக வளர்ப்புச் செல்களில் உற்பத்தி செய்யப்பட்ட நிலையிலும் அது விழித்திரை ஆக்ஸான்களை விலக்கியது. அமெரிக்காவில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த குழுவோ ஏற்பிக் குடும்பத்தில் தொடங்கி அதே மூளைப்பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதே குடும்பத்தின் இன்னொரு புரதம் டெக்டத்தில் முன்னிருந்து பின்னாகக் கூடிக்கொண்டே போவதையும், அதன் ஏற்பி விழித்திரையில் மூக்குப் பக்கத்திலிருந்து பொட்டுப் பக்கத்துக்குக் கூடிக்கொண்டே போவதையும் அது காட்டியது. ஸ்பெர்ரி கருதிய ஒன்றுக்கொன்று இணையான இரு சரிவுகள் இவ்வாறு முதன்முறையாகக் கண்ணில் பட்டன. 1997இல் பெயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டபோது ட்யூபிங்கன் புரதம் எஃப்ரின்-ஏ5 என்றும், ஹார்வர்ட் புரதம் எஃப்ரின்-ஏ2 என்றும், அந்த ஏற்பி எஃப்-ஏ3 என்றும் ஆயின.

ஹார்வர்ட் குழு எடுத்த ஒரு முடிவை இங்கே தனித்துக் குறிப்பிட வேண்டும். மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. புரதத்தோடு ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதியை ஒட்டி, திசுவின் மேல் இட்டு, அது உண்மையிலேயே எங்கே சென்று பிணைகிறது என்பதை நிறமாற்றத்தால் கண்டார்கள். டெக்டத்தில் இது மிகவும் தேவையான எச்சரிக்கை. அங்குள்ள ஆரைக் கிளியச் செல்கள் என்னும் துணைச் செல்களின் உடல் உட்குழியின் ஓரத்தில் இருக்க, அவற்றின் நீண்ட நீட்சிகள் ஆக்ஸான்கள் ஓடும் வெளிப்பரப்பு வரை எட்டுகின்றன. தூது ஆர்.என்.ஏ. ஓரிடத்திலும் புரதம் வேறிடத்திலும் இருப்பது அங்கே இயல்பு. ஒரு மரபணு இயங்கத் தொடங்கிய நேரமும், அதன் புரதம் வழிப்போக்கனான ஆக்ஸானின் எதிரே வந்து நிற்கும் நேரமும் ஒன்றல்ல.

சரிவின் தொடக்கத்தைத் தேடி

ஆக்ஸான்கள் வருமுன்பே எஃப்ரின் சரிவு டெக்டத்தில் இருக்கிறதென்றால், அதை யார், எப்போது இடுகிறார்கள்? 1996இல் இதற்கான விடை பல ஆய்வகங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது.

நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய எல்லைப் பகுதி, அடைகாப்பின் இரண்டாம் நாளிலேயே எஃப்.ஜி.எஃப்.8 என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்தப் புரதத்தில் ஊறவைத்த நுண்மணி ஒன்றைக் கோழிக்கருவின் முன்மூளையின் பின்பகுதியில் வைத்தபோது, அங்கே நடுமூளைத் திசு புதிதாக உருவானது. எல்லைக்கு அருகில் மிகுந்தும் முன்னோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும் எங்கிரெய்ல்டு என்னும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் அடுத்த படி. அதை டெக்டத்தின் முன்பகுதியிலும் வலிந்து இயங்கவைத்தபோது, முன்பகுதி பின்பகுதியின் தன்மையைப் பெற்றது. எஃப்ரின்-ஏ2உம் எஃப்ரின்-ஏ5உம் அங்கே தோன்றின, பொட்டுப்புற ஆக்ஸான்கள் தமக்குரிய இடத்திலேயே அமர முடியாமல் தடுமாறின.

இதன்படி, எல்லைப் பகுதியிலிருந்து வரும் சமிக்ஞை எங்கிரெய்ல்டின் சரிவாகவும், அது எஃப்ரின்களின் சரிவாகவும் மாறுகிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இரண்டாம் நாளில் தொடங்குகிறது. அதைப் படிக்கப்போகும் ஆக்ஸான்கள் ஆறாம் நாளில்தான் வருகின்றன. வழியைக் குறிக்கும் வேலை வழிப்போக்கர் பிறக்குமுன்பே தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் மதிப்பு இன்னும் குறையவில்லை.

பின்விளைவுகள்

அதே 1996இல், எஃப்ரின்-ஏ2 மரபணுவை வைரஸ் வழியாக டெக்டத்தில் செலுத்தி, அங்கங்கே திட்டுத்திட்டாக அது மிகுந்திருக்கும்படி செய்தார்கள். பொட்டுப்புற ஆக்ஸான்கள் அந்தத் திட்டுகளைத் தவிர்த்தன, சில தமக்குரிய இடத்துக்கு முன்பாகவே நின்றுவிட்டன. மூக்குப்புற ஆக்ஸான்கள் பாதிக்கப்படவில்லை. கோடுகளிட்ட தரையில் பத்தாண்டு முன்பு கண்டது உயிருள்ள கருவிலும் உறுதியானது. 1997இல் இரு புரதங்களையும் ஒப்பிட்ட சோதனைகள், எஃப்ரின்-ஏ5 இரு வகை ஆக்ஸான்களையும் விலக்குவதையும், எஃப்ரின்-ஏ2 பொட்டுப்புற ஆக்ஸான்களை மட்டுமே விலக்குவதையும் காட்டின.

மூக்குப்புற ஆக்ஸான்கள் ஏன் இவ்வளவு அசட்டையாக இருக்கின்றன என்பது 1999இல் விளங்கியது. டெக்டத்தில் இருக்கும் எஃப்ரின்-ஏ வகைகள் விழித்திரை ஆக்ஸான்களின் மேலேயும், குறிப்பாக மூக்குப் பக்கத்தவற்றின் மேலே, இருக்கின்றன. அவை தம்மோடு ஒரே சவ்வில் இருக்கும் ஏற்பிகளை மந்தப்படுத்துகின்றன. நங்கூரத்தை வெட்டி அவற்றை நீக்கியபோது மூக்குப்புற ஆக்ஸான்களும் விலக்கலை உணர்ந்தன. பொட்டுப்புற ஆக்ஸான்களில் எஃப்ரினை மிகையாக இயங்கவைத்தபோது அவை உணர்விழந்தன. டெக்டத்தில் எப்போது எவ்வளவு எஃப்ரின் இருக்கிறது என்று மட்டும் அளந்தவர்களுக்கு இந்தப் பாதி விடை அதுவரை கண்ணில் படவில்லை.

காலம் பற்றிய இன்னொரு திருத்தமும் வந்தது. எஃப்ரின் சரிவு ஆக்ஸானை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்துகிறது என்பதே எளிய சித்திரம். ஆனால் கோழிக்கருவில் பொட்டுப்புற ஆக்ஸான்கள் பல தமக்குரிய இடத்தைத் தாண்டிப் பின்னோக்கிச் சென்றுவிடுகின்றன என்று 1989இலேயே காட்டப்பட்டிருந்தது. பின்னர் அவற்றின் தண்டிலிருந்து, சரியான இடத்தை ஒட்டிப் பக்கக் கிளைகள் முளைக்கின்றன. கடந்துபோன நீட்சி அழிகிறது. 2001இல் வெளியான ஆய்வு, அந்தக் கிளைகள் எங்கே முளைக்க வேண்டும் என்பதை எஃப்ரின்-ஏ வகைகள் கட்டுப்படுத்துவதையும், வரைபடம் உருவாவதில் அதுவே தீர்மானமான கட்டம் என்பதையும் முன்வைத்தது. ஆகவே அந்தப் புரதம் ஆறாம் நாளில் ஒரு வேலையையும், சில நாள் கழித்து வேறொரு வேலையையும் செய்கிறது.

மரபணு நீக்கிய சுண்டெலிகளில் செய்த சோதனைகளும் இந்தச் சித்திரத்தை மட்டுப்படுத்தின. 1998இல் எஃப்ரின்-ஏ5 மட்டும் இல்லாதவற்றிலும், 2000இல் எஃப்ரின்-ஏ2, எஃப்ரின்-ஏ5 இரண்டும் இல்லாதவற்றிலும் வரைபடம் குலைந்தது, ஆனால் முற்றாக அழியவில்லை. பிறந்த முதல் வாரத்தில் விழித்திரையில் தானாக எழும் மின் அலைகளையும் கூடவே குலைத்தபோதுதான் ஒழுங்கு பெரும்பாலும் மறைந்தது என்று 2006 வாக்கில் தெரிந்தது. கோழிக்கருவிலும் அடைகாப்பின் இரண்டாம் பாதியில் விழித்திரையில் இவ்வகை அலைகள் பதிவாகியுள்ளன. புரதச் சரிவு முதல் கோடுகளை இடுகிறது, நரம்பின் செயல்பாடு அதன்மேல் நேர்த்தியைச் சேர்க்கிறது.

இன்று செய்தால் எவை மாறும்

கருவின் வயதை நாளாக மட்டும் எழுதாமல் ஹாம்பர்கர்–ஹாமில்டன் நிலையாகவும் எழுதுவது முதல் மாற்றம். இதற்குச் செலவில்லை. டெக்டத்தை மூன்றாக வெட்டி நடுவை எறிவதற்குப் பதில், முன்பின்னாகவும் மேல்கீழாகவும் பல புள்ளிகளில் அளந்து, அதையே தொடர்ச்சியான பல நிலைகளில் செய்வது அடுத்தது. 1980களில் சவ்வு போதிய அளவு கிடைக்கப் பெருந்துண்டுகள் தேவைப்பட்டன. இன்று ஒரு மெல்லிய வெட்டுத்துண்டிலிருந்தே ஆயிரக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தைப் படிக்க முடிகிறது. இட வேறுபாட்டையும் வயது வேறுபாட்டையும் பிரிக்க இப்போது போதிய கருவிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் ஒரு நாளின் படத்தோடு நிற்பதற்கு நியாயமில்லை.

புரதத்தின் பரவலைத் தூது ஆர்.என்.ஏ.வைக் கொண்டு மட்டும் முடிவுசெய்யக் கூடாது என்பதும், விழித்திரையையும் டெக்டத்தையும் ஒரே கால அட்டவணையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் மேலே கூறியவற்றிலிருந்தே பெறப்படும். ஏற்பி இன்னும் வராத நிலையில் வழிகாட்டி மட்டும் இருந்து பயனில்லை. ஏற்பி இருந்தும் அதே சவ்வில் உள்ள எஃப்ரின் அதை மூடிவிட்டாலும் பயனில்லை. எஃப்ரின்-ஏ வகைகள் முன்பின் அச்சைப் பற்றி மட்டுமே பேசுகின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மேல்கீழ் அச்சில் எஃப்ரின்-பி வகைகளும் வின்ட்3 என்னும் சுரக்கும் புரதமும் வேலை செய்கின்றன. அவற்றின் கால அட்டவணையைத் தனியே எடுக்க வேண்டும்.

33 கிலோடால்டன் புரதத்தின் முடிவு

1990இல் அறியப்பட்ட அந்த முதல் புரதத்தைக் குழு கைவிடவில்லை. எஃப்ரின் அடையாளம் கண்டறியப்பட்டபின்பும் அதை விடாமல் தொடர்ந்தது இந்நிகழ்வில் மதிக்கத்தக்க இன்னொரு முடிவு. 1996இல், அதோடு பிணையும் எதிர்ப்பொருளில் ஒரு சாயத்தை ஏற்றி, லேசர் ஒளியால் அந்தப் புரதத்தை மட்டும் செயலிழக்கச் செய்தபோது, பின்பகுதிச் சவ்வின் விலக்கும் ஆற்றல் நீங்கியது. 2002இல் அதன் வரிசை வெளியானது. ஆர்.ஜி.எம். என்று பெயர் பெற்ற அது, எஃப்ரின் குடும்பத்தோடு தொடர்பற்ற வேறொரு புரதம். தனியாக உற்பத்தி செய்யப்பட்ட நிலையிலும் அது பொட்டுப்புற ஆக்ஸான்களின் வளர்நுனியைச் சுருக்கியது. 2004இல் நியோஜெனின் அதன் ஏற்பி என்று தெரியவந்தது.

அதே 2004இல் சுண்டெலியில் இந்தக் குடும்பத்தின் ஆர்.ஜி.எம்.-ஏ மரபணுவை நீக்கிப் பார்த்தவர்கள் எதிர்பாராத முடிவைக் கண்டார்கள். பார்வை வரைபடம் இயல்பாகவே இருந்தது. ஆனால் கருக்கள் பலவற்றில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழல் தலைப்பகுதியில் மூடவில்லை, மூளை திறந்தே இருந்தது. கோழிக்கருவிலும் அதே ஆண்டில், இந்தப் புரதமும் நியோஜெனினும் இளம் நரம்புக்குழலின் செல்கள் உயிரோடிருப்பதைக் கட்டுப்படுத்துவது காட்டப்பட்டது. 2006இல் கோழியின் பார்வைப் பாதையில் இதன் அளவை மாற்றியபோது ஆக்ஸான்களின் பாதையும் அவை அமரும் இடமும் மாறின. ஆகவே பறவையில் ட்யூபிங்கன் குழு கண்ட விளைவு உண்மையானதே. ஆனால் அந்தப் புரதம் ஆக்ஸான்கள் வருவதற்கு வெகு முன்பே, நரம்புக்குழல் மூடும் காலத்திலேயே, வேறொரு வேலையில் இருந்திருக்கிறது. பாலூட்டியின் பார்வை வரைபடத்துக்கு ஆர்.ஜி.எம்.-ஏ இன்றியமையாததாக இல்லை. இக்குடும்பப் புரதம் ஒன்றின் பங்கை அறிய விரும்புகிறவர் ஆறாம் நாளில் தொடங்காமல், நரம்புத் தட்டு மடியத் தொடங்கும் முதல் நாளிலிருந்தே திசுவைச் சேகரிக்க வேண்டும். மரபணுவை முற்றாக நீக்காமல் விரும்பிய நிலையில் மட்டும் நிறுத்தும் முறைகள் இப்போது கோழிக்கருவிலும் கைவந்துள்ளன என்பதால், இரு வேலைகளையும் தனித்தனியே சோதிக்க முடியும்.